நாலு பேர், நாலு வழி: எங்கள் வீட்டில் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிய கதை

நான் தமிழ்நாடு, மனைவி யாழ்ப்பாணம். மகள் 2013-ல் சென்னையில் பிறந்தாள், இந்திய பாஸ்போர்ட். மகன் 2019-ல் லண்டனில் பிறந்தான். பல மாதம் அவன் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. "லண்டன்ல பிறந்தவன், அவனுக்கென்ன" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். இங்கே பிறந்தாலே குடியுரிமை என்ற சட்டம் 1983 ஜனவரி 1 முதல் இல்லை. பிறக்கும்போது அப்பாவோ அம்மாவோ பிரிட்டிஷ் குடிமகனாகவோ, நிரந்தர வசிப்புரிமையோடோ (இனி ஐஎல்ஆர்) இருந்தால்தான் குழந்தை பிறவியிலேயே பிரிட்டிஷ். அவன் பிறந்தபோது எங்கள் இருவரிடமும் வெறும் வேலை விசா.

குடும்பமாகச் சேர்ந்து ஒரே விண்ணப்பம் போடலாம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். அப்படி ஒன்று கிடையாது. 1981 குடியுரிமைச் சட்டத்தில் எங்கள் நாலு பேருக்கும் நாலு தனித்தனிப் பிரிவு. எனக்கு 6(1), மனைவிக்கு 6(2), மகனுக்கு 1(3), மகளுக்கு 3(1). யார் முதலில், யார் பிறகு என்ற வரிசையைச் சரியாகப் போட்டால் காசும் மிச்சம், காலமும் மிச்சம்.

ஐஎல்ஆர் எப்படி வாங்குவது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களிடம் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தாளில் தேதிகள்

நான் வந்தது 2016 செப்டம்பர். மனைவியும் மகளும் வந்தது 2018 ஜனவரி 9. எனக்கு ஐஎல்ஆர் 2021 அக்டோபர், அவர்கள் இருவருக்கும் 2023 மார்ச். உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒன்று எழுதி குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். இனி வருவதெல்லாம் இந்தத் தேதிகளின் மேல்தான் நிற்கிறது.

மகன்: முதலில் அவனுக்கு முடியுங்கள்

இங்கே பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் குடியுரிமை வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு ஐஎல்ஆர் கிடைத்த மறுநாளே, குழந்தையைக் குடிமகனாகப் பதியும் எம்என்1 படிவம் போடலாம். பிரிவு 1(3) குழந்தையின் உரிமை; யாருடைய தயவும் அல்ல. எனக்கு ஐஎல்ஆர் வந்ததும் போட்டோம். வீட்டில் முதல் பிரிட்டிஷ்காரர் அவன்தான், அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை.

இங்கே பிறந்த குழந்தைக்கும் சேர்த்து ஐஎல்ஆர் விண்ணப்பம் போட்டு வைப்பவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம்! 2025 ஏப்ரல் நிலவரப்படி ஐஎல்ஆர் ஒரு தலைக்கு 3,029 பவுண்டு. குழந்தையைக் குடிமகனாகப் பதிய 1,214 (நாங்கள் கட்டியது 1,012). நேரே பதிந்துவிடுங்கள். அதுவும் கட்ட முடியாத குடும்பங்கள் குழந்தைக்கான கட்டண விலக்கு கேட்கலாம். 2022 ஜூனிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

நான்: வழுக்கி விழ இருந்த இடம்

பெரியவர்களுக்கான விதி கேட்க எளிது. ஐந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அதில் வெளிநாட்டில் கழித்த நாட்கள் 450-க்கு மேல் போகக் கூடாது. கடைசி 12 மாதத்தில் 90-க்கு மேல் கூடாது. ஐஎல்ஆர் வந்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் (480 வரை, கடைசி வருடத்தில் 100 வரை) பொதுவாகக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள், ஆனால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

நாட்களை எண்ண, புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கணக்கில் வராது. கூகுள் ஷீட்டில் திரும்பிய தேதியிலிருந்து புறப்பட்ட தேதியைக் கழித்து, மேலும் ஒன்று கழித்தால் தீர்ந்தது. இதற்கென்று காசு கேட்கும் செயலிகள் இருக்கின்றன. எனக்குப் பிடிக்கவில்லை, மூன்று பத்தி அட்டவணைக்கு எதற்குச் சந்தா? பாஸ்போர்ட் முத்திரையையும் முழுதாக நம்ப வேண்டாம், மை அழிந்தவை பாதி. ஜிமெயிலில் விமான டிக்கெட்டைத் தேடுவதுதான் உத்தமம். அதிலும் விட்டுப்போனதை கைபேசிப் படங்களின் தேதியில் பிடித்தேன்.

இனி, தொண்டையில் சிக்கிய முள். 2022 டிசம்பர் 28 இரவு. படிவம் முழுதும் நிரப்பியாயிற்று. பணம் கட்டும் பக்கம், 1,330 பவுண்டு. கார்டு எண்ணில் பாதி அடித்துவிட்டேன். இடியப்பத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி, தற்செயலாக, "அஞ்சு வருசத்துக்கு முதல் இதே நாள் நீங்கள் எங்க நிண்டனீங்கள் எண்டும் கேக்குமோ?" என்றாள். "இங்கதான்" என்றேன். "அண்டைக்கு நீங்கள் இஞ்ச இல்லையே. எங்களைக் கூட்டிக்கொண்டு வர சென்னைக்கு வந்தனீங்கள் எல்லோ?"

கை அப்படியே நின்றுவிட்டது. 2017 டிசம்பர் 16 போய் ஜனவரி 9 வந்திருக்கிறேன். வெளியே இருந்தது 23 நாள்தான், 450-க்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் 450 நாள் விதி வேறு, இந்த விதி வேறு: ஐந்து வருடக் காலம் தொடங்கும் அந்த முதல் நாளில் உங்கள் உடம்பு பிரிட்டன் மண்ணில் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் போய்ச் சேரும் தேதியிலிருந்து ஐந்து வருடம் பின்னால் போய், ஒரு நாள் கூட்டுங்கள். நான் அன்று பொத்தானை அழுத்தியிருந்தால் அவர்கள் பார்க்கும் நாள் 2017 டிசம்பர் 29. அன்று நான் மாமியார் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

2022-ல் சட்டம் திருத்தி, விசேஷக் காரணம் இருந்தால் இதைத் தளர்த்தும் அதிகாரம் ஹோம் ஆபிஸுக்கு (பிரிட்டனின் உள்துறை) கிடைத்திருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போனது அந்தக் காரணங்களில் சேரும் என்று நினைக்காதீர்கள். மறுத்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது, கடைசியில் உறுதிமொழி எடுக்கும் குடியுரிமை விழாவுக்குக் கட்டிய சிறு தொகை மட்டும் வரும். மடிக்கணினியை மூடி வைத்தேன். 2023 ஜனவரி 11-ல் போட்டேன். வெறும் இரண்டு வாரம் தள்ளியதுதான்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஊருக்குப் போவது டிசம்பர் அல்லது பள்ளி விடும் ஆகஸ்ட். குடியுரிமைக்கு உட்கார நேரம் கிடைப்பதும் அதே விடுமுறையில்தான். மோதல் வரும் இடம் இதுதான், பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வு, ஆங்கிலம்

ஐஎல்ஆருக்கே இரண்டையும் காட்டியிருப்பீர்கள், அதே சான்று போதும். பிரிட்டனின் வரலாறு, வாழ்க்கைமுறை பற்றிய லைஃப் இன் த யூகே தேர்வுக்கு 50 பவுண்டு. 45 நிமிடத்தில் 24 கேள்வி, 18 சரியாக வேண்டும். தேர்ச்சிக்குக் காலாவதி கிடையாது. அதிகாரப்பூர்வப் புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு மாதிரித் தேர்வுகள் போடுங்கள். வெறும் மாதிரித் தேர்விலேயே காலம் தள்ளியவர்கள் இரண்டாம் முறை 50 பவுண்டு கட்டினார்கள். எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளையும் வரிசையாக ஒப்பித்தபடி என் மனைவி ஒரு மாதம் சமைத்தாள்.

ஆங்கிலத்துக்கு, இந்தியப் பட்டம் இருந்தால் அது ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது என்று வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் யூகே எனிக் அமைப்பிடம் சான்று வாங்க வேண்டும். கல்லூரி தரும் 'மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன்' கடிதம் மட்டும் செல்லாது. மனைவி பி1 (நடுத்தர) நிலைப் பேச்சுத் தேர்வு கொடுத்தாள், டிரினிட்டி என்ற தேர்வு நிறுவனத்தின் கிரேடு 5. தலைப்பை நாமே தேர்ந்துகொள்ளலாம். அவள் புட்டு அவிப்பதைப் பற்றிப் பேசினாள். குழல் புட்டுக்கும் நீத்துப்பெட்டிப் புட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேர்வாளர் இரண்டு முறை கேட்டாராம்.

பரிந்துரைப்பவர் இருவர்

மூன்று வருடம் உங்களைத் தெரிந்தவர்கள் வேண்டும். ஒருவர் தொழில்முறைப் பணியில் இருப்பவர், எந்த நாட்டுக் குடிமகனாகவும் இருக்கலாம். மற்றவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், 25 வயதுக்கு மேல் அல்லது அவரும் தொழில்முறைப் பணியில். உறவினர் கூடாது, உங்கள் வக்கீல் கூடாது. அவர்கள் இருவரும் தங்களுக்குள்ளும் உறவாக இருக்கக் கூடாது! பக்கத்து வீட்டுக் கணவன் மனைவி இருவரிடமும் கையெழுத்து வாங்கி வந்து, கடைசியில் கிழித்துப் போட்டேன். பிறகு ஒரு கணக்காளர் நண்பரைப் பிடித்தேன். குழந்தைக்கு என்றால் ஒருவர் அந்தக் குழந்தையோடு தொழில்முறையில் பழகியவராக இருக்க வேண்டும். மகளுக்கு அவள் வகுப்பு ஆசிரியை போட்டுக் கொடுத்தார்.

மனைவி: இங்கேதான் வரிசை கைகொடுத்தது

2023 மார்ச்சில் அவளுக்கு ஐஎல்ஆர். என் வழியில் போனால் இன்னும் 12 மாதம் காத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் குடிமகனின் துணைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஐஎல்ஆர் கையில் இருந்தால் போதும். ஐந்து வருடத்துக்குப் பதில் மூன்று, 450-க்குப் பதில் 270 நாள். கடைசி 12 மாதத்தின் 90 நாள் விதி அப்படியே. முதல் நாள் விதியும் அப்படியே, ஆனால் மூன்று வருடம் பின்னால் போய் எண்ண வேண்டும்.

கவனிக்க: கடிதம் வந்த அன்று நீங்கள் பிரிட்டிஷ் ஆகிவிடுவதில்லை. விழாவில் உறுதிமொழி எடுக்கும் அந்த நேரத்தில்தான். எனக்கு மே மாதம் கடிதம், ஜூனில் விழா. ஜூலை முதல் வாரம் அவள் விண்ணப்பம் போனது.

மகள்: பிரிவு 3(1)

வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு இது உரிமை அல்ல, அவர்கள் விருப்புரிமை. அப்பா குடிமகன், அம்மாவுக்கு ஐஎல்ஆர், குழந்தைக்கும் ஐஎல்ஆர், இங்கேயே படிக்கிறாள் என்றால் சிக்கல் பெரிதாக இல்லை. அம்மாவின் விண்ணப்பத்தோடு அதே வாரம் அவளுக்கும் எம்என்1 போட்டோம். பத்து வயது ஆனவர்களுக்கு நன்னடத்தை பார்ப்பார்கள். "நான் நல்ல பிள்ளைனு ஸ்கூல்ல எழுதித் தருவாங்களா" என்று கவலைப்பட்டாள், பாவம்.

பெயர்

எங்கள் ஆட்களுக்கு இது தனி அவஸ்தை. என் பழைய இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலி, அப்பா பெயரும் என் பெயரும் ஒரே கட்டத்தில். மனைவியின் இலங்கை பாஸ்போர்ட்டில் வேறு முறை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுவலகம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் புதிதில் வரும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கும். ஐஎல்ஆருக்கு முன்பே இந்திய பாஸ்போர்ட்டைப் பெயர் பிரித்து மறுபடி வாங்கினேன். பிற்பாடு ஒரு கேள்வி வரவில்லை. தேர்வுப் பதிவிலும் அதே எழுத்து. விழாவில் சான்றிதழ் வாங்கியதும் படம் எடுக்கும் முன் பெயரையும் பிறந்த தேதியையும் படியுங்கள்.

விழாவுக்குப் பிறகு

அழைப்பு வந்து மூன்று மாதத்துக்குள் விழா. கடவுள் பெயரில் சத்தியம் அல்லது கடவுள் இல்லாத உறுதிமொழி, உங்கள் இஷ்டம். குழந்தைகளுக்கு விழா கட்டாயமில்லை.

அதன் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் வரும்வரை ஊர்ப் பயணம் வேண்டாம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. உறுதிமொழி எடுத்த கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும், அந்தப் பாஸ்போர்ட்டில் பறக்கக் கூடாது. அதற்காக அவசரப்பட்டு உடனே ஒப்படைத்தும் விடாதீர்கள். முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அதையும் அனுப்பச் சொல்வார்கள், பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அது வந்த பிறகு ஒப்படைப்புச் சான்று, அதன் பிறகு ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை). என் மனைவி இலங்கையர் என்றாலும் திருமணம் இரண்டு வருடம் கடந்து பதிவாகியிருப்பதால் துணைக்கான ஓசிஐ கிடைத்தது.

இலங்கைக்காரர்களுக்கு: வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை தானாகவே போகும். முன்கூட்டியே விண்ணப்பித்துத் தக்கவைக்கலாம், போன பிறகும் திரும்பக் கேட்கலாம். 55 வயது, கல்வி, சொத்து என்று ஏதாவது ஒரு தகுதி காட்ட வேண்டும். மனைவி திரும்பக் கேட்கும் வழியில் போகிறாள், கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது.

பின்சேர்க்கை 1: பிரான்சிலிருந்து வந்த ஈழத்துக் குடும்பங்கள் சிலர் கேட்டார்கள். ஐரோப்பியர்களுக்கான 'செட்டில்ட் ஸ்டேட்டஸ்' ஐஎல்ஆருக்குச் சமம், மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். அதற்கு முந்தைய தற்காலிக நிலையான 'ப்ரீ-செட்டில்ட்' ஆகாது, அந்த நிலையில் பிறந்த குழந்தையும் பொதுவாகப் பிறவியில் பிரிட்டிஷ் அல்ல, பிறகு 1(3)-ல் பதிய வேண்டும்.

பின்சேர்க்கை 2: அகதியாக, முறையான அனுமதி இல்லாமல் வந்து இறங்கியவர்கள் கவனிக்க. 2025 பிப்ரவரி 10-க்குப் பிறகு போடும் விண்ணப்பங்களில், எத்தனை வருடத்துக்கு முன் அப்படி வந்திருந்தாலும் நன்னடத்தைக் காரணம் காட்டிப் பொதுவாக மறுப்போம் என்று வழிகாட்டுதலை மாற்றிவிட்டார்கள். இவர்கள் என் பதிவைப் பார்த்துச் செய்யக் கூடாது. காசு போனாலும் பரவாயில்லை, குடியேற்ற வக்கீலிடம் போங்கள்.

பின்சேர்க்கை 3: பெரியவர்களுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 1,735 பவுண்டு ஆனது. பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஏற்றுகிறார்கள். மார்ச் கடைசியில் தயாராக இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். போடுவதற்கு முன், ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்த நாளில் எங்கே இருந்தீர்கள் என்று வீட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.