பழைய பலகையில் ஒரு சின்னப் பெட்டி

பாட்டியின் கட்டில் உடைந்தபோது அதன் தலைமாட்டுப் பலகையை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் செய்த முதல் பெட்டியை அத்தையிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்குடி, மரம் புதுசா வாங்கினியா?" என்று கேட்டார். பலகையில் இருந்த ஒவ்வொரு கீறலையும் ஆணித் தடத்தையும் இழைத்துத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தேன். அத்தை சிறுவயதில் சாய்ந்து உட்கார்ந்து படித்த பலகை அது. அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றிலிருந்து பழைய மரத்தில் எதைச் செய்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் ஒரு தடத்தையாவது விட்டுவைக்கிறேன்.

சரி, மரத்திலிருந்து தொடங்குவோம். கதவு, ஜன்னல், கட்டில், மேசை என்று வீட்டுக்குள் பல வருஷம் இருந்த மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். அறுத்த பிறகு முறுக்கிக்கொள்ளும் பயம் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது பழைய இழுப்பறைகளின் பக்கப் பலகைகள். ஏற்கெனவே 10, 12 மி.மீ. கனத்தில்தான் இருக்கும் என்பதால் கெட்டியான மரத்தைப் பிளந்து மெலிதாக்கும் பெரிய வேலை மிச்சம். மழையில் கிடந்த மரம் என்றால் அறைக்குள் கொண்டுவந்து, பலகைகளுக்கு நடுவே குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, சில வாரங்கள் விட்டுவிடுங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளிலிருந்து மாவு போலத் தூள் கொட்டுகிறதா? உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம். அதை மற்ற மரத்தோடு சேர்த்து வைக்காதீர்கள்.

சரக்கு ஏற்றும் பேலட் பலகைகளிலும் பெட்டி செய்யலாம், முத்திரையைப் பார்த்த பிறகு. கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னத்துக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'எச்டி' என்றிருந்தால் பூச்சி சாக மரத்தைச் சூடேற்றியிருக்கிறார்கள். நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம், 30 நிமிடம் என்பது அதற்கான விதி. 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது. அதைத் தொடாதீர்கள். எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை இருந்தாலும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை, பழைய பெயிண்ட் பற்றி. அதில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், வீட்டிலும் பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது விளையாட்டல்ல. எத்தனை வருஷத்துப் பெயிண்ட் என்று தெரியாத பலகையை நான் எடுப்பதே இல்லை.

அடுத்து ஆணி. அவசரப்பட்டால் இங்கேதான் நஷ்டம். தலை ஒடிந்து உள்ளே தங்கிய ஒரு ஆணி முனை, புதிதாகத் தீட்டிய என் இழைப்புளியின் தகட்டில் ஒரு பல் அளவுக்குப் பள்ளம் போட்டுவிட்டது. அந்தப் பள்ளம் போகும்வரை தீட்ட ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போயிற்று. அப்புறம்தான் நூலில் கட்டிய காந்தத்தைக் கண்டுபிடித்தேன். ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய சின்னக் காந்தம் ஒன்றை ஒரு சாண் நூலில் கட்டி, பலகைக்கு மேலே ஒட்டினாற்போல மெதுவாக நகர்த்துங்கள். நேராகத் தொங்கிக்கொண்டு வரும் காந்தம் ஓரிடத்தில் லேசாக இழுபடும். மரத்துக்கு மேலே ஒன்றுமே தெரியாது, ஆனால் உள்ளே இரும்பு இருக்கிறது. அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். பலகையின் இரண்டு பக்கமும், நான்கு விளிம்புகளும் இப்படிப் பார்க்க வேண்டும். பித்தளைத் திருகாணி காந்தத்துக்கு அகப்படாது. ஆகவே கண்ணில் படும் ஒவ்வொரு ஓட்டையையும் ஊசியால் குத்தியும் பாருங்கள்.

ஆணியின் கூர்முனை பின்பக்கம் தெரிந்தால் அதை நிமிர்த்தி, அங்கிருந்து சுத்தியலால் தட்டினால் முன்பக்கம் தலை எழும்பும். குறட்டால் பிடித்து நெம்பும்போது குறட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மரச்சில்லை வையுங்கள். இல்லாவிட்டால் குறட்டின் தாடை மரத்தில் பதியும். துருப்பிடித்த ஆணியை இழுப்பதற்கு முன் கால்வாசி திருகிவிட்டால் மரத்தின் பிடி தளரும். எதற்கும் வராத ஆணியோடு சண்டை போட வேண்டாம். அந்த இடத்தை விட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

ஆணி போன பிறகு சில மரங்களில் ஓட்டையைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பு வளையம் ஒன்று இருக்கும். ஈரம் பட்டபோது இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து உண்டாக்கிய நிறம் அது. ஆக்சாலிக் அமிலத்தால் போக்கலாம் என்பார்கள். நான் போக்குவதில்லை. நான் தேடுவதே அந்த வளையத்தைத்தான்.

பெட்டிக்கு முன்கூட்டியே படம் வரைந்துவிட்டு மரம் தேடுகிறவர்கள் உண்டு. பழைய மரத்துக்கு அது சரிப்படாது. சுத்தம் செய்த பலகையை மேசையில் போட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெடிப்பு எங்கே, உளுத்த பகுதி எங்கே, நல்ல வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு நீளம், எந்தத் தழும்பு மூடியின் நடுவே வந்தால் நன்றாக இருக்கும்? சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்த பிறகு வரும் அளவுதான் பெட்டியின் அளவு.

ஒரு கணக்கு சொல்கிறேன். வெளி அளவு 200 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரம், பலகைக் கனம் 10 மி.மீ. நான்கு பக்கங்களுக்கும் சேர்த்து 640 மி.மீ. வரும். ரம்பம் தின்னும் இடத்தையும் சேர்த்து 700 மி.மீ. நீளமுள்ள ஒரே பலகையாக எடுங்கள். ஒரே பலகையிலிருந்து நீளம், அகலம், நீளம், அகலம் என்ற வரிசையில் வெட்டினால் மரத்தின் வரியோட்டம் மூன்று மூலைகளைத் தாண்டி உடையாமல் சுற்றி வரும். நாலாவது மூலையில் மட்டும் ஒட்டாது. அதைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன்பே 1, 2, 3, 4 என்று எண் போட மறக்காதீர்கள்.

அடிப்பலகை செருகுவதற்கான நீளப் பள்ளத்தை, அதாவது காடியையும், பலகை முழுசாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. கீழ் விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி, 4 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழம். காடி எடுக்கும் கருவி இல்லையா? கத்தியால் இரண்டு கோடு கீறி, ரம்பத்தால் ஆழப்படுத்தி, நடுவே இருப்பதை மெல்லிய உளியால் எடுக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் பெட்டியின் உட்பக்கம் மெல்லிய சட்டங்களை ஒட்டி, அதன்மேல் அடிப்பலகையை உட்கார வைத்துவிடலாம். காடிக்கு 4 மி.மீ. ஒட்டுப்பலகை, 187க்கு 107 மி.மீ. அளவில் போதும். காடிக்குள் ஒரு மி.மீ. ஆட்டம் இருந்தால் மூட்டும்போது இடிக்காது.

மூலைகளை 45 டிகிரி சாய்வாக வெட்டுகிறேன். இதில் சாய்வைவிட முக்கியமானது, எதிரெதிர் பக்கங்கள் இம்மியும் பிசகாமல் ஒரே நீளமாக இருப்பது. இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்து, முனையை விரலால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.

ஒட்டும் விதம் எளிது. நான்கு பக்கங்களையும் வெளிப்புறம் மேலே இருக்கும்படி வரிசையாக, முனையோடு முனை தொட அடுக்கி, ஒவ்வொரு சேர்க்கையிலும் அகலமான டேப்பை இழுத்து ஒட்டுங்கள். மொத்தத்தையும் திருப்பிப் போட்டால் சாய்வு வெட்டுகள் வி வடிவப் பள்ளங்களாக மேலே பார்த்து நிற்கும். வரியோட்டத்தின் குறுக்கே வெட்டிய முனைப் பரப்பு பசையை உறிஞ்சிவிடும் என்பதால் முதலில் மெல்லிய ஒரு பூச்சு பூசி, ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு பூசுங்கள். அடிப்பலகையைக் காடியில் செருகி, பாய் சுருட்டுவது போல மடித்துக்கொண்டே வந்து, கடைசி மூலையை டேப்பால் கட்டுங்கள். மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்க்க இதுதான் நேரம். இரண்டும் சமமாக இல்லையென்றால் நீளமான மூலைவிட்டத்தின் இரு மூலைகளையும் உள்ளங்கையால் மெல்ல அமுக்கினால் சரியாகிவிடும். தேக்கு போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில், ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் நனைத்த துணியால் ஒட்டும் பரப்பைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசை பிடிக்காது. சாதாரண வெள்ளைப் பசைக்கு 24 மணி நேரம் முழுசாகக் கொடுங்கள்.

இந்த மூட்டு அழகானது, ஆனால் பலமில்லாதது. ஆகவே காய்ந்த பிறகு ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே இரண்டு ரம்ப வெட்டுகள் போட்டு, அதே கனத்தில் சீவிய மெல்லிய மரத் துண்டைப் பசையோடு செருகி, வெளியே நீட்டுவதை நறுக்கிவிடுகிறேன். கறுத்த மரத்துக்கு வெளுத்த மரத் துண்டு போட்டால் பார்க்க நன்றாக இருக்கும்.

மூடிக்கு, முதல் பெட்டியில் கீல் வேண்டாம் என்பேன். 200க்கு 120 மி.மீ. அளவில் மேல்பலகை, அதன் அடியில் பெட்டிக்குள் இறங்கும் அளவில் சற்றுச் சின்னப் பலகை, இரண்டும் ஒரே வரியோட்டத் திசையில் ஒட்டியது. எடுத்து மூடினால் போதும். மரம் வரியின் குறுக்கே ஈரத்துக்கு விரிந்து சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அதனால் உள்பலகையின் அகலத்தில் ஒன்றரை மி.மீ. இடம் விடுங்கள். அந்தக் கறுப்பு வளையமோ கொண்டி தேய்த்த தழும்போ இந்த மேல்பலகையில்தான் வர வேண்டும். கை முதலில் தொடும் இடம் இதுதான்.

தேய்ப்பது 120, 180, 240 எண் உப்புத்தாளில், வரியோட்டத்தோடு மட்டும். முகமூடி கட்டாயம். தழும்பு இருக்கும் பகுதியை 240-ல் மட்டும் இரண்டு தடவை தடவிவிட்டு நிறுத்துங்கள். சிலாம்பு குத்தாமல் இருந்தால் போதும். ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்காதீர்கள். அந்த இடம் மெருகை ஏற்காமல் திட்டாகத் தெரியும். திறந்த ஓட்டையே மேல்.

மெருகுக்கு வெளிப்புறம் ஆளிவிதை எண்ணெய், மேலே தேன்மெழுகு. உட்புறத்துக்கு எண்ணெய் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அதன் வாடை போகவே போகாது. உள்ளே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெல்லியதாக இரண்டு கை பூசினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது ஆபத்து. காயும்போது வெப்பம் உண்டாகித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள்.

மிஞ்சும் துண்டுகளையும் எறிய வேண்டாம். கட்டில் காலில் 80 மி.மீ. உயரத்துக்கு ஒரு துண்டு அறுத்து, மேலே 10 மி.மீ. துளைகள் ஏழெட்டு போட்டால் பென்சில் தாங்கி. கதவுச் சட்டத்தில் ஒரு முழம் இருந்தால் நான்கு கொக்கி திருகிச் சாவிப் பலகை. இவையெல்லாம் ஒரு மணி நேர வேலை.

பாட்டியின் பலகையில் இரண்டாவதாக ஒரு பெட்டி செய்தேன். மூடியில் பழைய திருகாணித் துளை ஒன்று, அதைச் சுற்றிக் கறுப்பு வளையம். அத்தை அதில் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு, "இந்த ஓட்டையில பென்சிலைச் சொருகி வெச்சு அம்மாகிட்ட எத்தனை திட்டு வாங்கியிருக்கேன்" என்றார். அன்று முதல் அரக்கு பூசுவதற்கு முன், அடிப்பலகையின் உட்புறத்தில் எந்தச் சாமானின் மரம், யாருடையது, எந்த வருஷம் என்று பென்சிலால் எழுதிவிடுகிறேன். மேலே அரக்கை மென்மையான தூரிகையால் ஒரே இழுப்பாகப் பூசுங்கள். தேய்த்துப் பூசினால் எழுத்து கலங்கிவிடும்.