கடைக்கு நாலு கேமரா: நெட்வொர்க்கில் நீங்களே போடுவது எப்படி?

பெரியப்பாவின் மளிகைக் கடைக்கு நாலு ஐபி கேமரா போட்டுக் கொடுத்தேன். அதில் கற்றுக்கொண்டதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன். ஐபி கேமரா என்பது கண் வைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். போன், லேப்டாப் போல அதற்கும் ஒரு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) உண்டு. அது அனுப்பும் படத்தை வாங்கிச் சேமிக்கும் பெட்டிக்கு என்விஆர் என்று பெயர்.

படி 1: டிரில் எடுக்கும் முன் டேப் எடுங்கள்

"எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன், ஒவ்வொரு கேமராவிலும் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதுமா, முகம் தெரிய வேண்டுமா? இதற்கு ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பில் அளவே இருக்கிறது. முன்பின் பார்க்காத ஒருவரின் முகத்தை அடையாளம் காண, படத்தில் விழும் இடத்தின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் (படப் புள்ளி) வேண்டும். நமக்குத் தெரிந்த ஆள்தானா என்று சொல்ல 125. யாரோ வருகிறார் என்பது மட்டும் தெரிய 25 போதும்.

இப்போது கணக்குப் போடுவோம். 2 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 1920 பிக்சல். அதை 250-ஆல் வகுத்தால் சுமார் 7.7 மீட்டர். படத்தில் விழும் இடம் அதைவிட அகலமாக இருந்தால் முகம் தேறாது. பரவலாகக் கிடைக்கும் 2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி பார்க்கும். மூன்றேகால் மீட்டர் தூரத்திலேயே அந்த அகலம் வந்துவிடும். அதற்கு அப்பால் நிற்பவர் படத்தில் இருப்பார், ஆனால் யாரென்று சொல்ல முடியாது. திருட்டு நடந்த பிறகு "கேமரா இருந்தும் முகம் தெரியலையே" என்று புலம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

அதனால் வாசலுக்கு 6 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். அகலம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும், ஆனால் ஏழெட்டு மீட்டர் வரை முகம் கிடைக்கும். கடையின் உட்புறத்துக்கு 2.8 சரியாக இருந்தது. இன்னொன்று, கேமராவை ரொம்ப உயரத்தில் மாட்டாதீர்கள். வருபவரின் உச்சந்தலைதான் பதிவாகும்.

படி 2: கேபிள் இழுப்பது

பிஓஇ வகை கேமராவே வாங்குங்கள். ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் போய்விடும். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை கிடைக்கும், சாதாரண கேமராவுக்கு அது தாராளம். ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு கேபிளும் கடையில் கிடைக்கிறது. கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வை-ஃபை கேமராவா? கடைக்கு வேண்டாம்.

படி 3: ஹார்டு டிஸ்க் எவ்வளவு?

ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 173 ஜிபி, 30 நாளைக்கு 5.2 டிபி. எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் நொடிக்கு 2 மெகாபிட்டாக இறக்கினால் இதில் பாதி. 4 டிபி டிஸ்க் போதும். இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும் என்பதால், கண்காணிப்புக்கென்றே விற்கும் டிஸ்க்கை வாங்குங்கள்.

படி 4: இணைப்பும் கடிகாரமும்

பின்பக்கம் பிஓஇ போர்ட்டுகள் உள்ள என்விஆர் என்றால் வேலை எளிது. கேமராக்களை அந்தப் போர்ட்டுகளில் செருகுங்கள். லேன் போர்ட்டிலிருந்து மட்டும் ரவுட்டருக்கு ஒரு கேபிள். பொதுவாக இந்த அமைப்பில் கேமராக்கள் தனி நெட்வொர்க்கில் இருக்கும், வெளியிலிருந்து நேராக அவற்றைத் தொட முடியாது.

பிறகு கடவுச்சொல். கடை பெயர், போன் நம்பர் எல்லாம் வேண்டாம்.

அடுத்தது நேரம். இதில்தான் நான் கோட்டை விட்டேன். நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டதால் பதிவு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. தெருவில் ஒரு பைக் காணாமல் போய், ராத்திரி 9 மணிக் காட்சியைக் கேட்டு வந்தார்கள். நான் 9 மணியைத் திறந்தால் விடியற்காலை இருட்டு. தேடியது மாலை 3:30 என்ற பெயரில் கிடந்தது. ஜிஎம்டி +5:30 வைத்து, என்டிபியையும் (இணையத்திலிருந்து கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி) இயக்கிவிடுங்கள்.

படி 5: போனில் பார்ப்பது

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்லும் வீடியோக்களைக் கேட்காதீர்கள். அது உங்கள் என்விஆரை உலகத்துக்கே திறந்து வைக்கிற வேலை. 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களிலும் டிவிஆர் என்ற வீடியோ பதிவுப் பெட்டிகளிலும் புகுந்தது, கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால்தான். அந்த அக்டோபரில் அவற்றை வைத்தே இணையதளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல இடங்களில் படுத்துவிட்டன. ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் வசதி இருந்தால், அந்தப் பூட்டிய தனி வழியாகப் பாருங்கள். அது சிரமம் என்றால் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யும் கம்பெனி ஆப் பரவாயில்லை. ஃபர்ம்வேரை (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) மட்டும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

படி 6: பெட்டியைக் காப்பாற்றுவது

என்விஆரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால், திருட வருபவர் அதையும் தூக்கிக்கொண்டு போவார். பூட்டிய அலமாரியில், காற்று போக இடம் விட்டு வையுங்கள். யுபிஎஸ்ஸில் என்விஆரோடு ரவுட்டரையும் சேருங்கள். பிறகு மெயினை அணைத்து, போனில் படம் வருகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், ஒரு ஒட்டடைக் குச்சி வாங்கிப் போடுங்கள். ராத்திரியில் கேமராவைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கு வெளிச்சம் பட்டு அந்த வலை படத்தில் வெள்ளையாக ஒளிரும். காற்றில் ஆடும்போதெல்லாம் ஆள் வந்ததாக போனுக்கு எச்சரிக்கை வரும். பெரியப்பா முதல் வாரம் ரெண்டு தடவை நடுராத்திரியில் எழுந்து கடைக்கு ஓடியது இந்தச் சிலந்தியால்தான்.