பிரெஞ்சு எண் நாவில் நிற்க மல்லிகைப்பூ பேரம்

மதுரையில் பிரெஞ்சு சொல்லித்தருபவர்களே, எண்களை ஒப்பிக்கச் சொல்லாமல் பூக்கடைப் பேரமாக நடிக்க வையுங்கள். இருவருக்கும் தனித்தனிச் சீட்டு. விற்பவருக்கு: ‘முழம் 95, 75-க்குக் கீழே இறங்காதே’. வாங்குபவருக்கு: ‘80-க்கு மேல் போகாதே’. ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்துவிட்டால் பேச வேண்டிய தேவையே போய்விடும். இந்த எண்கள் வேண்டுமென்றே வைத்தவை: பிரெஞ்சில் 75 அறுபது-பதினைந்து, 80 நான்கு-இருபது, 95 நான்கு-இருபது-பதினைந்து. நாக்கு தடுமாறுவது இங்கேதான். வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள், கண் தாளிலேயே கிடக்கும். 3 நிமிடம் ஓடட்டும். நடுவில் திருத்த வேண்டாம். பிழைகளைக் குறித்துவைத்து, முடிந்ததும் முக்கியமான 2 மட்டும் சொல்லி, வேடம் மாற்றி மறுபடி நடிக்க விடுங்கள். கையில் நிஜப் பூச்சரமே இருந்தால் முழம் போட்டபடியே கூச்சம் விலகிப் பேசுவார்கள்.