பனிச்சறுக்குத் தலத்தின் முன்னறிவிப்பையும் பனி அறிக்கையையும் படிப்பது எப்படி?

பனிச்சறுக்குப் பயணம் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது, எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்ற ஓர் எண்ணைத்தான். அந்த எண் எந்த உயரத்துக்கு உரியது, அந்த நேரத்தில் உறைநிலை எங்கே இருக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வீசும் என்ற மூன்றும் தெரியாதவரை அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

மூன்றிலும் முதலில் பார்க்க வேண்டியது உறைநிலை உயரம், அதாவது காற்றின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸாக இருக்கும் உயரம். மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. விழும் பனி உறைநிலையைத் தாண்டியவுடனே உருகிவிடுவதில்லை. உருகி முடிவதற்குள் இன்னும் 200 முதல் 300 மீட்டர் கீழே வந்துவிடுகிறது. ஆகவே பனிக்கோடு, அதாவது விழும் பனி மழையாக மாறும் உயரம், உறைநிலைக்கு அந்த அளவு கீழே இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். குறுகிய பள்ளத்தாக்கில் பொழிவு பலமாக இருந்தால், உருகும் பனியே காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், அது இன்னும் கீழே இறங்குவதும் உண்டு.

அடிவாரம் 1,200 மீட்டரிலும் உச்சி 2,400 மீட்டரிலும் உள்ள ஒரு தலத்தை எடுத்துக்கொள்வோம். நாள் முழுவதற்கும் (நீராகக் கணக்கிட்டால்) 20 மி.மீ. பொழிவு, பிற்பகலில் உறைநிலை 1,900 மீட்டர், நள்ளிரவில் 1,100 மீட்டர் என்று முன்னறிவிப்பு சொல்கிறது. உச்சியில் முழுப் பொழிவும் பனியாகவே விழும்; 20 முதல் 25 செ.மீ. வரை எதிர்பார்க்கலாம். அடிவாரத்திலோ பிற்பகல் முழுவதும் மழைதான். பனிக்கோடு அங்கே வந்து சேர்வதற்குள் 12 மி.மீ. கொட்டித் தீர்ந்துவிட்டால், மிச்சமுள்ள 8 மி.மீ. மட்டுமே பனியாகும். அதுவும் மழையில் நனைந்து இறுகிய பழைய பனியின்மேல் விழுவதால், மறுநாள் காலையில் கீழ்ப்பகுதிச் சறுக்குப் பாதைகளில் மெல்லிய புதுப்பனிக்கு அடியில் கடினமான பனிக்கட்டி ஒளிந்திருக்கும். ஒரே தலத்துக்கு ஒரே நாளில் வெளியான ஒரே முன்னறிவிப்பில் இவ்வளவு வேறுபாடு அடங்கியிருப்பதால்தான், அடிவாரம், நடுப்பகுதி, உச்சி எனத் தனித்தனியே விவரம் தரும் முன்னறிவிப்பையே பார்க்குமாறு வலியுறுத்துகிறேன்.

ஒரு மில்லிமீட்டர் நீருக்கு ஒரு சென்டிமீட்டர் பனி என்பது தோராயக் கணக்கு. உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனி அதில் பாதி ஆழமே சேரலாம். கடுங்குளிரில் விழும் உலர்பனி ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூடச் சேரலாம். மேகத்துக்குள் வெப்பநிலை மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரிக்குள் இருக்கும்போது கிளைகள் விரிந்த நட்சத்திர வடிவப் படிகங்கள் நன்றாக வளர்கின்றன. அவற்றின் இடையே காற்று நிறைய அடைபடுவதால் பனி பஞ்சு போல் இலேசாகிறது. ஜப்பானின் ஹொக்கைடோவும் அமெரிக்காவின் யூட்டாவும் பவுடர் பனிக்குப் பெயர் பெற்றிருப்பதற்கு இத்தகைய இலேசான பனியே காரணம். சென்டிமீட்டரோடு மில்லிமீட்டரும் தரப்பட்டிருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பனியின் தன்மையை வீட்டிலிருந்தே ஊகித்துவிடலாம்.

கணினி மாதிரிகள் மலையைச் சதுரங்களாகப் பிரித்துப் பார்க்கின்றன. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் உலக மாதிரியில் ஒரு சதுரம் ஏறத்தாழ 9 கி.மீ. அகலம் கொண்டது. சிகரமும் பள்ளத்தாக்கும் ஒரே சதுரத்தில் விழும்போது அவற்றின் உயரம் சராசரியாகிவிடுவதால், தானியங்கியாக வரும் எண்ணைவிட அந்த மலையை அறிந்த வானிலையாளர் எழுதும் குறிப்பே நம்பத்தக்கது. அளவைப் பொறுத்தவரை 3 நாட்களுக்குள்ளான கணிப்பை ஓரளவு நம்பலாம். ஒரு வாரம் வரை, புயல் ஒன்று வரக்கூடும் என்ற போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அப்பால் காட்டப்படும் சென்டிமீட்டரை நம்பி விடுதியை மாற்ற வேண்டாம்.

காற்று, விழுந்த பனியை இடம் மாற்றிவிடுகிறது. காற்று மோதும் சரிவில் பனி சுரண்டப்பட்டு, மறுபக்கச் சரிவிலும் பள்ளங்களிலும் குவிகிறது. உச்சியில் மணிக்கு 60 கி.மீ. அளவுக்குக் காற்று வீசும் என்று கண்டால், மேல் லிஃப்ட்கள் நிறுத்தப்படக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தலம் வெளியிடும் பனி அறிக்கை, ஏற்கெனவே நடந்ததைச் சொல்வது. புதுப்பனியைப் பெரும்பாலும் காற்று படாத இடத்தில் வைத்த வெள்ளைப் பலகையில், அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி அளந்துவிட்டு, அடுத்த அளவீட்டுக்காகப் பலகையைத் துடைத்து வைப்பார்கள். 24 மணிநேர அளவு 48 மணிநேர அளவுக்குள் அடங்கியது என்பதால் இரண்டையும் கூட்டக் கூடாது. மொத்த ஆழத்தைவிடக் கடைசியாகப் பனி விழுந்த தேதி அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. 2 மீட்டர் ஆழம் இருந்தாலும், பத்து நாட்களாகப் புதிதாக எதுவும் விழாமல் பகலில் உருகி இரவில் உறைந்திருந்தால், காலையில் பாதை கண்ணாடித் தரைதான். வசந்தகாலத்தில் இரவு வானம் தெளிவாக இருந்ததா என்று பாருங்கள். தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வெளியேற்றி நன்றாக இறுகி, முற்பகல் வெயிலில் மேற்பரப்பு மட்டும் இதமாக இளகும். மேகம் மூடிய இரவுக்குப் பிறகு காலையிலேயே சொதசொதவென்றிருக்கும். வட அரைக்கோளத்தில் வடக்கு நோக்கிய சரிவுகளும், தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கியவையும் குளிர்ந்த பனியை நீண்ட நாள் காக்கும்.

குறியிட்ட பாதைகளுக்கு வெளியே செல்வதாக இருந்தால், தலத்தின் அறிக்கை போதாது. பனிச்சரிவு அபாய அறிக்கையைத் தனியாகப் படித்தே ஆகவேண்டும். அபாயம் 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளாகக் குறிக்கப்படுகிறது. 3 நடுவில் இருப்பதால் மிதமானது என்று எண்ணிவிடாதீர்கள். உயிரிழப்புகளில் கணிசமானவை அந்த நிலை அறிவிக்கப்பட்ட நாட்களில்தான் நேர்கின்றன. எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை நோக்கிய சரிவுகளில் ஆபத்து என்பதையும் வாசித்து, 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த இடங்களை வரைபடத்தில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். மாலையில் வெளியாகும் அறிக்கை இரவுப் பொழிவையும் காற்றையும் கண்டபின் காலையில் திருத்தப்படுவது உண்டு. ஆகையால் ஸ்கீ மாட்டுவதற்கு முன் காலைப் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.