கிளை அலுவலகத்தின் பழைய வழக்கங்களில் கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாடுகளில் கிளைகள் உள்ள நிறுவனங்களில் சீரமைப்புப் பொறுப்பை ஏற்கும் புதியவர்கள், முதல் மாதத்திலேயே எவற்றை ஒழிக்கலாம் என்று ஒரு பட்டியலைத் தயாரித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படியொரு பட்டியலோடு போனவன் என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ள மனம் வருவதில்லை. ஆனால் அதே பள்ளத்தில் ஒருவர் பின் ஒருவராக விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. ஊழியர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்காதது, பயிற்சிக்கு நேரம் ஒதுக்காதது போன்ற பிழைகள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வழக்கம் செய்துவந்த வேலையை அறியாமல் வழக்கத்தை நீக்குவது

ஜப்பானிய நிறுவனங்களில் 'ரிங்கி' என்றொரு முறை உண்டு. கீழ்நிலையில் இருப்பவர் ஒரு முன்மொழிவை எழுதுவார். அது துறை துறையாகச் சுற்றிவரும். உடன்படுகிறவர்கள் தத்தம் பெயர் முத்திரையைப் பதிப்பார்கள். கடைசியில் அது தலைமையிடம் போய்ச் சேரும். நான் பொறுப்பேற்ற ஜப்பானியக் கிளையில், ஒரு நகலெடுக்கும் இயந்திரத்தை மாற்றுவதற்கான தாளில் பதினொரு சிவப்பு முத்திரைகள் இருந்தன. இளைஞர் ஒருவர் அத்தகைய தாள்களை அட்டைக்குள் வைத்து மேசை மேசையாக எடுத்துச் செல்வார். கொடுத்த கையோடு திரும்பாமல், ஐந்து பத்து நிமிடம் நின்று தாழ்ந்த குரலில் பேசிவிட்டுத்தான் நகர்வார். அதை 'வெட்டிப் பேச்சு' என்று என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அந்த வரியை நினைத்தால் இன்றும் என்மீதே எரிச்சல் வருகிறது.

பதினொரு ஒப்புதல்களை மூன்றாகக் குறைத்து, அந்த மூன்றையும் மென்பொருளுக்கு மாற்றினேன். மூன்று வாரம் இழுத்த முடிவு இரண்டு நாளில் கிடைத்தது, தலைமையகத்தில் பாராட்டினார்கள். பிறகு, கிடங்கில் உயரமான அடுக்குகளை அமைக்கும் முடிவும் அதே வேகத்தில் ஒப்புதல் பெற்றது. இரும்புச் சட்டங்கள் வந்து இறங்கிய பின்னர்தான், அந்தத் தரை அவ்வளவு பளுவைத் தாங்காது என்று பராமரிப்புத் துறை தெரிவித்தது. வேலை தொடங்கவே ஏழு மாதம் ஆயிற்று. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அத்துறையின் மூத்தவர், "எங்களிடம் தாள் வரவில்லையே" என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி சிறிதும் இல்லாததுதான் என்னைச் சுட்டது.

கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மறுத்துப் பேசத் தயங்குகிறவர்கள், மேசையருகே நடந்த அந்தப் பத்து நிமிடப் பேச்சில்தான் தங்கள் ஆட்சேபத்தைச் சொல்லிவந்தார்கள். ஒருவர் மேசையில் தாள் நான்கு நாள் கிடந்தால் அதுவே ஒரு பதில். இப்படி ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே தனியாகப் பேசிவைப்பதற்கு 'நேமவாஷி' என்று பெயர். மரத்தைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதற்கு முன்னால் வேரைச் சுற்றித் தோண்டிப் பக்குவப்படுத்தும் தோட்ட வேலையிலிருந்து வந்த சொல். தாளைத்தான் நீக்குகிறேன் என்று எண்ணிய நான், அந்தப் பேச்சுக்கு இருந்த ஒரே சாக்கையும் சேர்த்து நீக்கிவிட்டேன்.

பதினொரு முத்திரைகளும் தேவை என்று நான் வாதிடவில்லை. பின்னர் சரிசெய்தபோது ஐந்து ஒப்புதல்களே போதுமானவையாக இருந்தன; மென்பொருளும் நீடித்தது. அனுப்புவதற்கு முன் யார் யாரிடம் நேரில் பேசியாயிற்று என்று நிரப்புவதற்கு மட்டும் ஒரு கட்டத்தைச் சேர்த்தோம். எனவே எந்த வழக்கத்தையும் நீக்குவதற்கு முன், அது நடக்கும்போது இரண்டு மூன்று முறையாவது உடனிருந்து பாருங்கள். "இதை ஏன் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் "எப்போதும் இப்படித்தான்" என்ற பதிலே வரும், "போன வாரம் இது நடக்காமல் போயிருந்தால் யாருக்கு எது தெரியாமல் போயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

'இவர்கள் கலாசாரம் இதற்கு இடம் தராது' என்று கைவிடுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு, கலாசாரத்தைக் காரணம் காட்டி எதையும் தொட அஞ்சுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு இது. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலை, வேலைக்கு வராமைக்கும் ஓயாத தொழில் தகராறுக்கும் பேர்போனது. டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதை 1984-இல் 'நம்மி' என்ற பெயரில் திறந்தபோது, பெரும்பாலும் அதே தொழிலாளர்களையே, அதே தொழிற்சங்கத்தோடு சேர்த்துக்கொண்டன. குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்ற ஜப்பானிய முறை அங்கே வேர் பிடித்தது. தரமும் வியக்கத்தக்க வகையில் உயர்ந்தது. அதே முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுசென்றபோது அவ்வளவு எளிதில் பலன் கிட்டவில்லை; வரிசையை நிறுத்துவது குற்றம் என்று கருதிய மேற்பார்வையாளர்களின் மனநிலை மாறாத இடத்தில் கயிற்றைத் தொங்கவிட்டு என்ன பயன்? நாடு ஒன்று, தொழிற்சங்கம் ஒன்று, விளைவு மட்டும் வேறு.

தலைமையகத்துச் சடங்குகளை அப்படியே ஏற்றுமதி செய்வது

அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் 1997-இல் ஜெர்மனியில் நுழைந்து 2006-இல் வெளியேறியது. கடும் விலைப்போட்டி முதலான காரணங்கள் முன்னே நின்றன என்றாலும், ஊழியர்கள் கூடி எழுப்பும் காலை முழக்கமும் ஊழியர்களுக்கிடையிலான உறவுகளைக் கட்டுப்படுத்திய நடத்தை விதிகளும் அங்கே கசப்பையே வளர்த்தன. அவ்விதிகளில் சிலவற்றை 2005-இல் ஜெர்மானிய நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது.

மூத்த ஊழியர்களை 'முட்டுக்கட்டைகள்' என்று வகைப்படுத்துவது

என் பட்டியலில் அந்தப் பராமரிப்புத் துறை மூத்தவர் அப்படித்தான் இருந்தார்.

எதுவும் மாறாது என்று வாக்களிப்பது

ஜெர்மானியக் கார் நிறுவனமான டைம்லரும் அமெரிக்கக் கார் நிறுவனமான கிரைஸ்லரும் 1998-இல் இணைந்தபோது அது சமமானவர்களின் இணைப்பு என்று அறிவிக்கப்பட்டது. கிரைஸ்லரை ஒரு பிரிவாக ஆக்குவதே தொடக்கத்திலிருந்து தம் நோக்கம் என்ற பொருளில் இணைந்த நிறுவனத்தின் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப் 2000-இல் பேட்டியளித்தார். 2007-இல் கிரைஸ்லரின் பெரும்பங்கு விற்கப்பட்டது. உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்குறுதிகள் மூன்றே மூன்று என்றால், அந்த மூன்றை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நான்காவதைப் பற்றிக் கேட்டால், அது மாறும் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.