பழைய மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிரேக் பிடித்ததும் வண்டியின் முன்பக்கம் சட்டென்று குனிகிறது, சிறு பள்ளத்தில் இறங்கினாலே ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும், உள்ளே ஸ்பிரிங் உள்ள இரு குழாய்க் கால்கள்) அடிவரை போய் இடிக்கிறது என்றால், பலரும் முதலில் செய்வது ஸ்பிரிங்கின் மேல் நீளமான ஸ்பேசர் (இடத்தை நிரப்பும் குழாய்த் துண்டு) ஒன்றை வைத்து இறுக்குவதுதான். வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் குறை தீராது. அது ஏன் என்று புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பதால், அந்தக் கணக்கை மட்டும் இங்கே சற்று விரிவாகத் தருகிறேன்.

முதல் படி: ஃபோர்க் தடையின்றி நகர்கிறதா?

குழாய் வளைந்திருந்தாலும், குழாய்கள் வழுக்கி நகர உதவும் புஷ் தேய்ந்திருந்தாலும், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் இறுகிப் பிடித்தாலும் எந்த ஸ்பிரிங்கும் சரியாக வேலை செய்யாது. இவற்றைச் சரிசெய்யாமல் ஸ்பிரிங் வாங்க வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றி அதன் நீளத்தை வண்டியின் சர்வீஸ் கையேட்டிலுள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் பழசாகி இளகிவிட்டது என்று சொல்வதுண்டு. உண்மையில் எஃகின் விறைப்பு அப்படிக் குறைவதில்லை, ஸ்பிரிங்கின் நீளம்தான் குறைகிறது. ஆகவே அதே விறைப்புள்ள புதிய ஸ்பிரிங் போட்டால் இழந்த உயரம் திரும்புமே தவிர, உங்கள் எடைக்கு ஆரம்பத்திலேயே மென்மையாக இருந்த ஃபோர்க் மென்மையாகவே இருக்கும்.

இரண்டாம் படி: அமிழ்வை அளப்பது

மெக்கானிக்குகள் ‘சாக்’ என்று சொல்லும் அமிழ்வு என்பது, எடை ஏறியதும் ஃபோர்க் எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதாகும். முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை உயர்த்தி, பளபளப்பான குழாயில் வெளியே தெரியும் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வழக்கமான உடையில் நீங்கள் ஏறி அமர, வேறொருவர் அதே நீளத்தை இருமுறை அளக்க வேண்டும்: முன்பக்கத்தை அழுத்தி மெதுவாக மேலே வரவிட்டு ஒரு முறை, தூக்கி மெதுவாகக் கீழே இறங்கவிட்டு மறுமுறை. இரண்டின் சராசரியை முதல் அளவிலிருந்து கழித்தால் கிடைப்பதே அமிழ்வு. இரண்டு அளவுகளும் வெகுவாக விலகி நின்றால், ஃபோர்க்கில் உராய்வு அதிகம் என்று பொருள். முதல் படிக்கே திரும்புங்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு, ஓட்டுபவர் அமர்ந்த நிலையில் 30 முதல் 40 மி.மீ. வரை அமிழ்வது பொருத்தமானது.

மூன்றாம் படி: விறைப்பைக் கணக்கிடுவது

ஸ்பிரிங்கை 1 மி.மீ. அழுத்த எத்தனை கிலோ எடை தேவை என்பதே அதன் விறைப்பு. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 260 கிலோ, அதில் 45 சதவீதம், அதாவது 117 கிலோ, முன்சக்கரத்தில் விழுகிறது. சக்கரம், பிரேக் போன்று ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ளவற்றுக்கு 17 கிலோ கழித்தால் மீதி 100. ஃபோர்க் சுமார் 27 பாகை சாய்ந்திருப்பதால் அதன் வழியே இறங்குவது 89 கிலோ. இதை இரு கால்களும் பகிர்வதால் ஒரு ஸ்பிரிங்குக்கு 44.5 கிலோ. 35 மி.மீ. அமிழ்வும், பூட்டும்போதே தரும் முன்னழுத்தம், அதாவது ப்ரீலோட், 15 மி.மீ.யும் வேண்டுமென்றால், மொத்த அழுத்தம் 50 மி.மீ.; 44.5ஐ 50ஆல் வகுத்தால் 0.89. ஆகவே 1 மி.மீ.க்கு 0.90 கிலோ விறைப்புள்ள ஸ்பிரிங்கைத் தேடலாம்.

இப்போது அதே வண்டியில் 0.60 கிலோ ஸ்பிரிங் இருப்பதாகக் கொள்வோம். அதே 35 மி.மீ. அமிழ்வுக்கு 39 மி.மீ. ப்ரீலோட் தேவைப்படும். நிற்கும்போது இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். ஆனால் ஃபோர்க் நகரக்கூடிய மொத்தத் தூரமான பயணம் 140 மி.மீ. என்றால், அதன் அடிமட்டத்தில் 0.89 ஸ்பிரிங் ஒவ்வொன்றும் 138 கிலோவைத் தாங்க, 0.60 ஸ்பிரிங் 107 கிலோவையே தாங்கும். பிரேக் பிடிக்கும்போது குறைபடுவது இந்த 31 கிலோதான். ஸ்பேசர் உயரத்தை மாற்றும், விறைப்பை மாற்றாது.

நான்காம் படி: வகையும் அளவும்

சுருள்களின் இடைவெளி முழுக்க ஒரே சீராக உள்ள ஸ்பிரிங்கைத் தொடக்கநிலையினருக்குப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் மேலே கண்ட கணக்கு அதற்கு நேரடியாகப் பொருந்தும். போகப் போக விறைப்பு கூடும் ஸ்பிரிங், தொடக்கத்தில் மென்மையாக இருப்பதால் பயணத்தின் ஒரு பகுதியை எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். வெளிவிட்டம் குழாய்க்குள் தாராளமாக நுழைய வேண்டும். கம்பியின் தடிப்பைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், மற்ற அளவுகள் மாறாதிருக்க, 4.0 மி.மீ. கம்பி 4.2 ஆனாலே விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: பூட்டுவதும் சரிபார்ப்பதும்

ஃபோர்க்கின் மேல்மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருக்கும். வண்டியின் முன்பகுதியை உறுதியாகத் தாங்கி நிறுத்தி, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே கழற்றுங்கள். காற்று வால்வு உள்ள ஃபோர்க் என்றால் முதலில் காற்றை முழுதும் வெளியேற்றிவிட வேண்டும். புதிய ஸ்பிரிங்கைப் போடுமுன், ஃபோர்க்கை முழுதும் அழுத்திய நிலையில் ஆயில் மட்டத்தைக் கையேட்டின்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஆயிலுக்கு மேலுள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங் போலவே செயல்படுவதால், மட்டத்தைக் கூட்டினால் கடைசிப் பகுதிப் பயணம் விறைக்கும்.

ஸ்பேசரின் நீளத்துக்கு, ஃபோர்க்கை முழுதும் நீட்டி, ஸ்பிரிங்கையும் வாஷரையும் உள்ளே விட்டு, வாஷரிலிருந்து குழாயின் விளிம்பு வரை அளக்க வேண்டும். அதிலிருந்து மூடி உள்ளே இறங்கும் ஆழத்தைக் கழித்து, விரும்பும் ப்ரீலோடைக் கூட்டுங்கள். முதலில் சற்று நீளமாகவே வெட்டுவது நல்லது. பூட்டிய பின் அமிழ்வை மறுபடி அளந்து, ஃபோர்க் எவ்வளவு இறங்கியது என்று காட்ட, ஒரு குழாயில் கேபிள் டை (பிளாஸ்டிக் கட்டு நாடா) ஒன்றைக் கட்டிச் சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். வெறிச்சோடிய சாலையில் அழுத்தமாக பிரேக் பிடித்த பிறகும் அந்த டை, பயணம் முடியும் இடத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் முன்னதாகவே நின்றிருந்தால் ஸ்பிரிங் பொருந்தியிருக்கிறது. அமிழ்வு சரியாக இருந்தும் டை அடிவரை போயிருந்தால், அடுத்த அளவு விறைப்புள்ள ஸ்பிரிங்கைப் பாருங்கள்.