பழைய சிஆர்டி மெஷினுக்கு கன்ட்ரோலர் சிப் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்ல செம்பனை ஆலைக்கு சாமான் கடைஞ்சு குடுக்குற பட்டறைகாரங்களுக்காக எழுதுறேன். பழைய கம்ப்யூட்டர் லேத் (கடைசல் மெஷின்) நல்லா ஓடும், அதுல உள்ள சிஆர்டி, அதாவது பழைய டிவி மாதிரி டியூப் ஸ்கிரீன்தான் மக்கர் பண்ணும், ஆலைக்காரன் அவசரப்படுத்துவான், தவுக்கே (முதலாளி) கத்துவாரு, உடனே ஸ்கிரீன்ல படம் வர்ற நேரத்த கட்டுப்படுத்துற கன்ட்ரோலர் சிப்ப ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடுவாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க.

மொதல்ல ஸ்கிரீன் என்ன காட்டுதுன்னு பாருங்க. நடுவுல குறுக்கால ஒரே ஒரு கோடு மட்டும் நின்னா அது பெரும்பாலும் மானிட்டருக்குள்ள படத்த மேலயும் கீழயும் விரிக்கிற வெர்ட்டிகல் சர்க்யூட் கோளாறு, சிப்ப மாத்தி பிரயோஜனமே இல்ல. படம் ஆடாம நிக்குது ஆனா எழுத்து மட்டும் கன்னாபின்னான்னு வருதுன்னா ஸ்கிரீன்ல காட்டவேண்டியத வச்சிருக்குற வீடியோ ராம், இல்லன்னா எழுத்து வடிவம் பதிஞ்சிருக்குற ஈப்ராம் (கரண்ட் போனாலும் டேட்டா அழியாத மெமரி சிப்) மேல சந்தேகப்படணும். படம் உருண்டுக்கிட்டே இருந்தா, சாஞ்சு கிழிஞ்சு ஓடுனா அப்பதான் சிங்க் (படத்தோட வரி, பக்கம் எப்ப ஆரம்பிக்கணும்னு மானிட்டருக்கு சொல்ற சிக்னல்) பக்கம் வரணும், அதுலயும் கேபிள், சாக்கெட் ரெண்டையும் பாத்துட்டுதான் சிப்புல கை வைக்கணும், நம்ம ஊரு ஈரத்துக்கு சாக்கெட் கால் கறுத்துப்போறது சகஜம். போர்டுல இருக்குற கன்ட்ரோலர் சிப் 6845 ன்னா 20வது கால்ல 5 வோல்ட் இருக்கா, 21ல கிளாக் வருதா, 39லயும் 40லயும் சிங்க் வெளிய போகுதான்னு ஸ்கோப் (சிக்னல் வடிவத்த காட்டுற ஆஸிலோஸ்கோப்) வச்சு பாருங்க. கிளாக்கே வரலன்னா புது சிப்பும் சும்மாதான் உக்காந்திருக்கும்.

அடுத்தது, நம்பர் ஒண்ணுதானேன்னு வாங்குறது, இதுலதான் நெறைய பேரு காச விடுறாங்க. மோட்டோரோலா 6845ல வெர்ட்டிகல் சிங்க் அகலம் 16 வரின்னு மாறாம இருக்கும், ஹிட்டாச்சி 6845எஸ்ல அத சிப்புக்குள்ள இருக்குற ரெஜிஸ்டர்ல எழுதி மாத்தலாம், அதனால ஒண்ணுக்கு எழுதுன புரோகிராம் இன்னொண்ணுல அப்படியே சரியா வரும்னு நம்ப முடியாது. 6845 பஸ் வேகம் (போர்டோட டேட்டா பரிமாறுற வேகம்) 1 மெகாஹெர்ட்ஸ், 68ஏ45 ஒன்றரை, 68பி45 ரெண்டு. மெதுவானதுக்கு பதிலா வேகமானது போடலாம், வேகமானதுக்கு பதிலா மெதுவானத போடாதீங்க. பழைய சிப் மேல உள்ள எழுத்து ஒண்ணு விடாம போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

தப்பான சிங்க்க லேசா எடுத்துக்காதீங்க. உதாரணத்துக்கு, பழைய ஐபிஎம் கம்ப்யூட்டரோட 5151 மானிட்டருக்கு வீடியோ கார்டுலேர்ந்து 18.432 கிலோஹெர்ட்ஸ் கிடைமட்ட சிங்க் வரணும், அது தப்பிப்போனா மானிட்டரே கெட்டுப்போகலாம். படம் கோணலா வந்தா உடனே ஆஃப் பண்ணுங்க, பாத்துக்கிட்டே நிக்காதீங்க. ஆஃப் பண்ணாலும் டியூப்ல ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், டிஸ்சார்ஜ் பண்ணத் தெரியாதவங்க மூடிய தொறக்கவே வேணாம்.

ஈப்ராம் விஷயம் ஒண்ணு. காலி 2716 ஈப்ராம் வாங்கிப் போட்டா எழுத்து வராது, உள்ள இருக்குற டேட்டாதான் முக்கியம். பழசு நல்லா இருக்கும்போதே ரீடர்ல காப்பி எடுத்து வைங்க, கண்ணாடி ஜன்னல் மேல ஸ்டிக்கர் உரிஞ்சிருந்தா புதுசா ஒட்டிடுங்க, வெயில் பட்டா டேட்டா அழிஞ்சிடும்.